நசுங்காத எலுமிச்சம்பழம்

மைதானத்தை விட்டு வெளியே வந்து, சாலையில் ஏறி, அம்பாசமுத்திரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். அண்ணாச்சியின் குரல் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வந்தது. செங்கல் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனது. அது போன பிறகு குரல் இல்லை. கடைசியாகக் காதில் விழுந்த சொல் கருநாக்கு.

தோளில் துணிப்பை இருந்தது. அதில் இரண்டு சட்டை, இடுப்பில் கட்ட ஒரு சாரம், வள்ளியூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் கொடுத்த ஸ்பேனர். எந்த ஊரில் எந்த வேலை பார்த்தாலும் அந்தப் பையைத் தோளிலிருந்து தூரமாக வைப்பதில்லை. காலில் செருப்பு இல்லை. அது அண்ணாச்சியின் வேனுக்குள் கிடந்தது. திரும்பிப் போய் எடுக்கலாமா என்று ஒரு முறை நினைத்தேன். தார் அவ்வளவு சுடவில்லை. மேலே நடந்தேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பியவர்கள் அதுவரை சொன்ன காரணங்கள் வேறு. சோம்பேறி என்றிருக்கிறார்கள். நிலையாக நிற்க மாட்டான் என்றிருக்கிறார்கள், அது உண்மை. வாயில் விஷம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சி விக்கிரமசிங்கபுரம் நூல் ஆலையில் பாதி ஆயுசு வேலை பார்த்தவர். ஆலையிலிருந்து விலகியபோது பழைய வேன் ஒன்றை வாங்கினார். அதிகாலையில் கீரை, வாழைக்காய் விற்கும் பெண்களை அம்பாசமுத்திரம் சந்தைக்குக் கொண்டுபோய் விடுவார். மற்ற நேரம் கிடைத்த வாடகை. கல்யாணத்துக்கும் அதே வண்டி, சாவு விழுந்த துட்டி வீட்டுக்கும் அதே வண்டி. நான் அதில் கழுவித் துடைப்பவன், டயர் மாற்றுபவன், மூட்டை ஏற்றுபவன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட விடுதியிலிருந்து எட்டாம் வகுப்பில் வெளியேறியவன் நான். வீட்டில் தேடவில்லை என்று சொல்ல முடியாது. தேடினார்கள், கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். அதன் பிறகு பார்த்த வேலைகளில் பாதி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவை.

அண்ணாச்சியின் வேனுக்குத் தகுதிச் சான்று முடிந்திருந்தது. வயதான வண்டி. ஒவ்வொரு முறையும் அதிகாரி பார்த்து, ஓட்டத் தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தால்தான் சாலையில் ஓடலாம். எழுதிக் கொடுக்காவிட்டால் உடைக்கப் போட வேண்டியதுதான். உடைத்தால் அண்ணாச்சிக்கு வேறு வண்டி இல்லை, வேறு தொழிலும் இல்லை. நூல் சுற்றத் தெரியும். ஆலை இனிக் கூப்பிடாது. இந்தக் கணக்கு அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. அவருடைய மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவர், சோறு போடும்போது மட்டும், சான்று கையில வந்துரட்டும், வந்துரட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

சான்றுக்கான சோதனையில் ஹாரன், விளக்கு, வைப்பர் எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் வண்டியை நிறுத்துவது பிரேக். பிரேக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டிக்கு டிரம் என்று பெயர். அதற்குள் பிறை வடிவில் இரண்டு இரும்பு ஷூக்கள் எதிரெதிராக நிற்கும். ஒவ்வொரு ஷூவின் முதுகிலும் ஒரு பட்டை இருக்கும், அதுதான் லைனர். மிதித்தால் ஷூ விரியும், லைனர் டிரம்மில் உரசும், சக்கரம் நிற்கும். அவ்வளவுதான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் லைனர் தேய்ந்துவிட்டது என்று சொல்வார்கள். தேய்வது லைனரின் குறை இல்லை, அதன் வேலை. கடைசி வரை தேய்ந்த லைனர் ஒழுங்காக வாழ்ந்து முடித்த லைனர். பழைய வண்டிகளில் நான் கழற்றிப் பார்த்தவற்றில் அப்படி முடிந்தவை குறைவு. கனம் அப்படியே இருக்கும், பிடிப்பு போயிருக்கும்.

மலையிலிருந்து இறங்கும் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காரையாறு அணை பார்த்துவிட்டுத் திரும்பும்போது பின்சீட்டில் இருப்பவர்கள், பைய வே, பைய வே என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். கியரைக் குறைத்தால் என்ஜின் சத்தம் போடும், சத்தம் கேட்டால் அவர்களுக்கு வேகம் போவதாகப் பயம். ஆகவே டிரைவர் பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே பாபநாசம் வரை வந்துவிடுவார். வண்டி பைய வரும். லைனர் உள்ளே வெந்துகொண்டு வரும். பிறகு கழற்றிப் பார்த்தால் அது கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுங்கும், விரல் வழுக்கும். பைய என்ற சொல் எத்தனை லைனரைத் தின்றிருக்கிறது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இன்னொன்று எண்ணெய். சீல் கசிந்து லைனர் எண்ணெய் குடித்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. பெட்ரோலில் கழுவுவார்கள், தீயில் காட்டுவார்கள். காய்ந்தது போல் இருக்கும். வண்டி ஓடிச் சூடேறியதும் குடித்ததெல்லாம் திரும்ப வியர்த்து வரும். டிரம் பல முறை கடைசல் பிடித்து அகன்று போனதும் உண்டு. புது லைனர் அதில் நடுவில் மட்டும் தொட்டு, ஓரங்களில் சும்மா இருக்கும். எல்லாவற்றிலும் மெதுவானது துரு. பசை போட்டு ஒட்டிய லைனருக்கும் ஷூவுக்கும் நடுவில் போய் உட்காரும். துரு இரும்பைத் தின்பது எல்லோருக்கும் தெரியும். தின்று பருக்கும் என்பது கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். பருத்து, லைனரை உள்ளிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும். வெளியே இருந்து பார்ப்பவனுக்கு லைனர் புதிதாகத்தான் தெரியும்.

எங்கள் வண்டியைச் சோதனைக்கு முன் மெக்கானிக் பார்த்தார். டிரம்மைக் கழற்றவில்லை, அதன் நட்டு இறுகிப் போயிருந்தது. அடியில் படுத்து, பின்தகட்டில் உள்ள துவாரம் வழியாக டார்ச் அடித்து, கனம் கிடக்கு வே, இன்னும் ரொம்ப நாள் ஓடும் என்றார். மிதித்துப் பார்த்தார். பிடித்தது. நானும் மிதித்துப் பார்த்தேன். பிடித்தது.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியைக் குளிப்பாட்டினோம். ஆற்றங்கரை ஊர்களில் வண்டியைக் கழுவுவது என்று சொல்வதில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி என்றால் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. ஆற்றில் இறக்குவார்கள். துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே ஒரு சரிவு உண்டு. அதில் பின்பக்கமாக இறக்கி, சக்கரம் பாதி மூழ்கும் வரை விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, தேங்காய் நாரோடு தண்ணீருக்குள் நிற்க வேண்டும். தாமிரபரணியில் அப்போது தண்ணீர் நன்றாக இருந்தது, பிசான நெல் நடவுக்கு விட்டிருந்தார்கள். மீன்கள் காலைக் கொத்தின. பக்கத்தில் ஒரு டிராக்டரும் குளித்துக்கொண்டிருந்தது. பைய தேயிலே, பெயிண்டு வந்துரும் என்று அண்ணாச்சி கரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் தண்ணீரில் இறங்கவில்லை, வண்டியின் கூரையிலிருந்து கண் எடுக்கவும் இல்லை.

மற்ற நாட்களில் குளிப்பாட்டிய கையோடு வண்டி எங்காவது ஓடும். ஓடினால் மிதிபடும், மிதிபட்டால் டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் சூட்டில் காய்ந்துபோகும். அன்றைக்கு அண்ணாச்சி வண்டியை ஓடவிடவில்லை. ரோட்டில் சேறு, வண்டி அழுக்காகும். ஆற்றிலிருந்து நேராக வீட்டு வாசல். தெரு சரிவானது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைத்து, அப்படியே நிறுத்தினோம். ஈர லைனர் ஈர டிரம்மை இறுக்கிப் பிடித்தபடி ராத்திரி முழுக்க நின்றது. அதைப் பற்றி யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

காலையில் அண்ணாச்சியும் மதினியும் வண்டிக்கு முன்னால் நின்று ஜெபம் செய்தார்கள். சந்தைக்குப் போகும் பெண்களில் பக்கத்து வீட்டுக் கீரைக்காரி ஒருத்தி உண்டு, வாய்க்குப் பஞ்சமில்லாதவள். வண்டி தேறினால்தான் அவள் கூடையும் சந்தைக்குப் போகும். ஜெபம் முடியும் வரை ஓரமாக நின்றுவிட்டு, முன்கண்ணாடிக்கு மேல் சந்தனம் தொட்டு வைத்து, மடியிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். அண்ணாச்சி, இது என்னது ஏளா என்றார்.

"உங்க சாமி உள்ள உக்காந்து வரட்டும் அண்ணாச்சி. கீழ உள்ளத எங்க சாமி பாத்துக்கிடும்."

மதினி சிரித்தார். அண்ணாச்சி பழத்தை எடுக்கச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு ஏறினார். குளித்த வண்டிக்குள் அன்றைக்கு யாரும் செருப்புக் காலோடு ஏறக்கூடாது. நானும் என்னுடையதைக் கழற்றி முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, கல்லை எடுப்பதற்காகக் கீழே நின்றேன்.

வண்டி நகர்ந்தது. முன்சக்கரங்களில் இருந்த பழங்கள் நசுங்கின. வலது பின்சக்கரத்துப் பழம் நசுங்கியது. இடது பின்சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை. சக்கரம் சுற்றவே இல்லை, அப்படியே இழுபட்டது. அதற்கு முன்னால் எலுமிச்சம்பழம் சிமெண்டுத் தரையில் தள்ளுவண்டியைத் தள்ளுகிற மாதிரி தள்ளப்பட்டுப் போனது. அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம். சக்கரம் சுற்றியது. பழம் ஓரமாக உருண்டு சாக்கடை விளிம்பில் போய் நின்றது, முழுசாக.

கீரைக்காரி அதை எடுத்துப் பார்த்தாள். நசுங்கலையே என்றாள். உன் பழம் ரப்பர் பழம்லா என்றார் அண்ணாச்சி ஜன்னல் வழியாக. வாசலில் கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

நான் அந்த டக்கைக் கேட்டிருந்தேன். வள்ளியூரில் மழை முடிந்த ஒரு காலையில் செங்கல் வண்டி ஒன்றில் அதே சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்க ஈரத்தில் நின்ற லைனர் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். காலையில் வண்டியை நகர்த்தும்போது டிரம் விடாது. ஷூ விட்டுவிடும். லைனர் ஷூவிலிருந்து பிய்ந்து வந்துவிடும்.

"அண்ணாச்சி, லைனர் விட்டுட்டு. இது நிக்காது."

சிரிப்பு நின்றது. இந்தப் பக்கத்தில் ஒருவர் புறப்படும்போது, எங்கே போகிறாய் என்று கேட்பதே தப்பு. போகிறேன் என்று சொல்லாமல் வாரேன் என்றுதான் சொல்வார்கள். சமையல்கட்டில் உப்பு தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். நான் சான்றுக்குப் போகிற வண்டியைப் பார்த்து, ஜெபமும் எலுமிச்சம்பழமும் முடிந்த கையோடு, நிற்காது என்று சொல்லிவிட்டேன். மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலங்காத்தால என்ன வார்த்த இது என்று மட்டும் சொன்னார், அதுவும் வாசல்நிலையைப் பார்த்து. அண்ணாச்சி, வாய வச்சுக்கிட்டு சும்மா ஏறுலே என்றார். ஏறினேன்.

வழியெல்லாம் இடது பின்சக்கரத்துக்குள் கலகலவென்று ஏதோ ஆடியது. தகரம் ஆடுது என்றார் அவர். சிவந்திபுரத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது வண்டி நின்றது. மெதுவாகப் போன வண்டி, நின்றது. அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார்.

சோதனை நடக்கும் மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. பள்ளிக்கூட பஸ் ஒன்று, பால் டெம்போ ஒன்று, பிறகு நாங்கள். அதிகாரி சின்ன வயது, மரியாதையாகப் பேசினார். வண்டி பளிச்சுனு இருக்கே என்று சொன்னதும் அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. ஹாரன் அடித்தது. விளக்கு எரிந்தது. வைப்பர் ஆடியது. என்னை இறங்கச் சொன்னார்கள். வெறுங்காலோடு இறங்கி, சுண்ணாம்பில் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அண்ணாச்சி மைதானத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பி வேகமாக வர வேண்டும். கோட்டில் மிதிக்க வேண்டும். அதிகாரி கையைக் கீழே இறக்கியதும் அவர் மிதித்தார். மிதித்தது எனக்குத் தெரிந்தது, வண்டியின் மூக்கு தாழ்ந்தது. ஆனால் பின்பக்கம் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டியது. அதற்கப்புறமும் வெகு தூரம் போனது. போய், மைதானத்து ஓரத்தில் சீமைக்கருவேலம் புதருக்குள் பாதி நுழைந்து நின்றது. யாருக்கும் பெரிய அடியில்லை. கண்ணாடிக்கு மேல் கீரைக்காரி வைத்த சந்தனம் அப்படியே இருந்தது. பள்ளிக்கூட பஸ் டிரைவர், முள்ளு மட்டும் இல்லைன்னா அண்ணாச்சி நேரா பஸ்ஸ்டாண்டுக்கே போயிருப்பாரு என்றார். யாரும் சிரிக்காததால் அவரும் பேச்சை விட்டுவிட்டார்.

அதிகாரி கடுமையாகப் பேசவில்லை. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, அடுத்த வாரம் பிரேக்கைச் சரி செய்துவிட்டு வாருங்கள் என்றார். அப்போதும் கோட்டில் நிற்காவிட்டால் இந்த வண்டியைச் சாலையில் விட என்னால் முடியாது என்றும் சொன்னார். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முள் கீறி முழங்கையில் ரத்தம் வந்ததைத் துடைக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நிக்காதுன்ன. நிக்கல."

லைனர்தான் அண்ணாச்சி, ஆத்துத் தண்ணி என்று ஆரம்பித்தேன்.

"லைனரு நேத்தும் அதே லைனருதாம்லே. நேத்து நின்னுதா இல்லையா? நேத்து நீ வாயத் தொறக்கல."

நடந்தவற்றை அவர் வரிசையாகத்தான் வைத்திருந்தார். முந்தின நாள் பிரேக் பிடித்தது. காலையில் ஒருவன் ஒரு சொல் சொன்னான். அதன் பிறகு பிடிக்கவில்லை. நான் கேட்டது ஒரு டக். அவர் வண்டிக்குள் இருந்தார், என்ஜின் சத்தத்தில் அவருக்கு அது கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது நான் சொன்னது மட்டும். கருநாக்குக்காரப் பய, இனிமே என் வண்டிப் பக்கம் வராதே என்றார். நான் பையைச் சரிசெய்துகொண்டு நடந்தேன். வாரேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதற்குத்தான் அவர் இன்னும் கொஞ்சம் கத்தினார்.

அம்பாசமுத்திரம் வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வழியில் வாய்க்கால் ஒன்றில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்று கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். வள்ளியூர் என்றேன். அது பொய்யும் இல்லை. அன்று பேருந்து நிலையத்தில் படுத்தேன். சிமெண்டு பெஞ்சு, பழகியதுதான்.

மறுநாள் காலையில் வேலை தேடிப் போன முதல் இடம் லைனர் பட்டறை. அந்த ஊரில் ஷூவுக்கு லைனர் அடிக்கும் பட்டறை அது ஒன்றுதான். அதனால்தான் அங்கே போனேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. திறந்திருந்தது, போனேன். பட்டறைக்காரர் கனத்த உடம்பு, இரண்டு கண்ணிலும் புரை. என்னென்ன தெரியும் என்று கேட்டார். கழற்றத் தெரியும், மாட்டத் தெரியும், ரிவிட் ஆணி அடித்ததில்லை என்றேன். அப்படின்னா கெட்ட பழக்கம் இல்ல, உக்காரு என்றார். ரிவிட்டுகளை உள்ளங்கையில் கொட்டி, வாய்ல போட்டுக்க என்றார். தையல்காரர்கள் குண்டூசியை வைத்துக்கொள்வது போல அந்தப் பட்டறையில் பித்தளை ரிவிட்டை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுப்பார்கள். ஒரு கை ஷூவைப் பிடித்திருக்கும், ஒரு கை சுத்தியலில் இருக்கும், ரிவிட்டுக்கு வேறு இடம் இல்லை. பேச்சுக்காரனுக்கு இந்த வேல ஆவாது என்றார். பித்தளை புளித்தது.

நடுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் லைனர் நடுவில் உப்பிக்கொள்ளும். இதைக் காட்டிக்கொடுத்து, ஒரு பழைய ஷூவில் பழகச் சொன்னார். அதை அடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. மதினி. இடுப்பில் கீரைக்காரியின் கூடை. கூடைக்குள் செய்தித்தாளில் சுற்றிய நாலு பிரேக் ஷூ. மெக்கானிக் ஒருவழியாக டிரம்களைக் கழற்றியிருந்தார்.

என்னைப் பார்த்ததும் மதினி படியிலேயே நின்றுவிட்டார். வேற ஆளு யாரும் இல்லையா என்று பட்டறைக்காரரிடம் கேட்டார். எனக்குக் கண்ணு தெரியல தாயி, அவன் அடிப்பான், நான் தடவிப் பாத்துக்கிடுதேன் என்றார் அவர். மதினி யோசித்தார். திருநெல்வேலிக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். கூடையை இறக்கினார். அதிலிருந்து முதலில் வந்தது என் செருப்பு.

"பஸ்ஸ்டாண்டுல எங்கனயாவது கிடப்பான், பாத்தா குடுன்னு அவிய சொன்னாவ."

அவிய என்றது அண்ணாச்சியை. பட்டறைக்காரர் செருப்பையும் ஷூக்களையும் தடவிப் பார்த்தார். ரெண்டு தினுசு ஷூ வந்திருக்கு, ஒண்ணுக்குத்தான் நம்மட்ட லைனர் உண்டு என்றார். மதினி சிரிக்கவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, மெதுவான குரலில் சொன்னார்.

"நீயே அடி. ஆனா ஒண்ணு. நிக்கும்னும் சொல்லாத, நிக்காதுன்னும் சொல்லாத."

வாய் நிறைய ரிவிட். தலையாட்டினேன்.

இடது சக்கரத்து ஷூ ஒன்று மொட்டையாக இருந்தது. பிய்ந்த லைனர் தனியாக, நடுவில் உடைந்து, தாளுக்குள் கிடந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கத் துரு, அடுக்கடுக்காக. ஒரே ராத்திரியில் வந்த துரு இல்லை அது, வருஷக்கணக்கில் ஏறியது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக ஒரு தள்ளு மட்டும்தான் தள்ளியிருந்தது. ஷூவில் ரிவிட்டுக்கான ஓட்டைகள் முதலிலிருந்தே இருந்தன. யாரோ எப்போதோ அவற்றை விட்டுவிட்டுப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள்.

பிறகு வலது சக்கரத்து ஷூக்களை எடுத்தேன். நான் அந்தப் பக்கத்தை நினைத்தே பார்க்கவில்லை. நடந்து வந்த வழியெல்லாம் இடது பக்கத்து டக்கைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வலது லைனர்கள் பிய்யவில்லை, தேயவில்லை. நனைந்திருந்தன. தண்ணீர் இல்லை, பிரேக் எண்ணெய். அந்தப் பக்கம் ஷூவை விரிக்கும் சிலிண்டர் எப்போதிருந்தோ கசிந்துகொண்டிருந்திருக்கிறது. ஆக, கோட்டுக்கு முன்னால் அண்ணாச்சி மிதித்தபோது பின்னால் இரண்டு சக்கரத்திலும் பிரேக் இல்லை. சிலிண்டரை மாற்றாமல் நான் எவ்வளவு நன்றாக அடித்துக் கொடுத்தாலும் புது லைனரும் அதே எண்ணெயைக் குடிக்கும். அடுத்த வாரம் வண்டி கோட்டைத் தாண்டும். அதோடு சரி.

இதைச் சொல்ல வேண்டும். சொல்லக்கூடாது என்று இப்போதுதான் சொல்லியிருந்தார். ரிவிட்டுகளைத் துப்பிவிட்டுச் சொல்லலாம். நான் துப்பவில்லை. வலது ஷூவை மதினியிடம் நீட்டி, லைனரில் கட்டைவிரலை அழுத்தி, விரலைக் காட்டினேன். மதினி தன் விரலை வைத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். இது என்னது, எண்ணெயா என்று கேட்டார். தலையாட்டினேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதும் நான் பட்டறைக்காரரைப் பார்த்தேன். அவர் ஷூவை வாங்கித் தடவினார்.

"சிலிண்டரு ஒழுகுது தாயி. அத மாத்தாம இத மாட்டினா—"

மதினி கையை உயர்த்தினார். பட்டறைக்காரர் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் வாயை மென்றுவிட்டு, வேறு குரலில் சொன்னார்.

"சிலிண்டர மாத்திட்டு மாட்டுங்க. நல்லா இருக்கும்."

மதினி எழுந்தார். மெக்கானிக்கிடம் போனில் அதை அப்படியே சொன்னார், நல்லா இருக்கும் என்பது வரை. யார் கண்டுபிடித்தது என்று மெக்கானிக் கேட்டிருக்க வேண்டும். இங்கன ஒருத்தரு என்றார். பிறகு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார், முடியும் வரை போவதில்லை என்பது போல.

அதே விஷயம்தான். நானும் முந்தின நாள் காலையில், வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாச்சி, லைனரை ஒரு தடவை பாத்துட்டுப் போனா நல்லா இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்போதும் நிறுத்தியிருப்பாரா என்பது வேறு.

செருப்பை ஓரமாக வைத்தேன். மொட்டை ஷூவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்தேன், அடியில் வெள்ளை இரும்பு தெரியும் வரை. பட்டறைக்காரர் புது லைனரை எடுத்துக் கொடுத்தார். ஓட்டையைப் பார்த்து வைத்து, நடு ரிவிட்டை நாக்கால் தள்ளி எடுத்து நுழைத்தேன். முதல் அடி விழுந்ததும் மதினி நிமிர்ந்து பார்த்தார். அடுத்ததை எடுத்தேன்.